சரள் வருது

கொஞ்சம் தலையப் பின்னால சாச்சுக்கிடுங்க அண்ணாச்சி, வெத்தலையத் துப்பிக்கிடுதேன். ஆங். உங்க மேல ஒண்ணும் தெறிக்கலியே? காத்து அங்கிட்டுப் பாத்துத்தான் அடிக்கு, பயப்படாதீங்க. இந்த வாய் சும்மா இருக்காது. ஒண்ணு வெத்தலை, இல்லன்னா பேச்சு. முக்காவாசி நேரம் ரெண்டும் சேந்தே இருக்கும்.

மலைக் கோயிலுக்கா போறீங்க? திருச்சிப் பக்கமா! அப்ப குத்தாலத்துல குளிச்சுட்டு, அப்பிடியே முருகனையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவோம்னு வந்திருக்கீங்க. நல்லது. போயிட்டு வாங்க. நான் மேலப்பேரி விலக்குல எறங்கணும். எறங்கிருவேன். இன்னைக்கு எறங்கிருவேன்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கேன். கோழி அடைச்சுப் போடுத எடத்துல தரை சேறாயிட்டுன்னா உங்க ஊருல மேல என்ன போடுவாங்க? ஏன் அப்பிடிப் பாக்கீங்க? கோட்டி புடிச்சவன்னு நெனைக்காதீங்க. இது என் குடும்பம் சம்பந்தப்பட்ட விசயம். என் வீட்டுக்காரி கோவிச்சுக்கிட்டு அவ தம்பி வீட்டுக்குப் போயிட்டா. அவ திரும்பி வரணும்னா அந்தத் தரை காயணும். வேற ஒண்ணும் இல்ல. அந்தத் தரை மட்டும் காஞ்சு, நல்லதா ஒண்ணு அதுமேல விரிச்சுக் கெடந்தா அவ வந்துருவா. எது நல்லதுன்னுதான் எனக்குப் பிடிபட மாட்டேங்கு. பாக்கிற ஆளுககிட்ட எல்லாம் கேக்கேன்.

என் பேரு பூதத்தான். பந்தல் பூதத்தான்னு கேட்டீங்கன்னா எங்க பக்கம் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, எழவு வீடு, எல்லாத்துக்கும் நம்ம பந்தல்தான். ஒரு தடவை ஒரு கல்யாண வீடு. முந்தின நாளு வானம் கொட்டித் தீத்துட்டு. பொண்ணு வீட்டு வாசல்ல சேறுன்னா சேறு, மாடு எறங்குனா ஏறாது. பொண்ணோட அப்பா தலையில கைய வச்சு உக்காந்துட்டாரு. நான் சொன்னேன், "நீங்க எந்திரிங்க, போயி குளிங்க." உமியக் கொட்டுனேன், மேல சாக்கு, அதுக்கு மேல பச்சை விரிப்பு. மாப்பிள்ளை செருப்புல ஒரு பொட்டுச் சேறு ஒட்டலியே! எந்தச் சேறானாலும் மேல விரிக்கதுலதான் இருக்கு வேலை. அடியில என்ன கெடந்தா நமக்கு என்ன?

அப்பேர்ப்பட்டவன் வீட்டுல, கோழி நிக்கிற எடத்துல சேறு. இதவிட ஒரு கேவலம் உண்டா?

என் வீட்டுக்காரி பேரு செண்பகவடிவு. வடிவுன்னுதான் கூப்பிடுதது. கூப்பிடுதது என்ன, "ஏட்டி"ன்னா வந்துருவா. எங்க மக கோயம்புத்தூருக்கு வாக்கப்பட்டுப் போன பெறகு வீடு வெறிச்சுன்னு ஆயிட்டு. அப்பத்தான் எங்கிருந்தோ ஒரு பொட்டைக்கோழிய மடியில கட்டித் தூக்கிட்டு வந்தா. உடம்பெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கும். புள்ளிக்காரின்னு பேரு வச்சா. அது அடைகாத்து, குஞ்சு பொரிச்சு, குஞ்சு கோழியாகி, வீட்டுக்குப் பின்னால வலை அடிச்சு ஒரு அடைப்பே போட வேண்டியதாயிட்டு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு. செவத்தா, கருப்பி, கொண்டைக்காரி. நாள் முழுக்க அதுகளோடதான் பேச்சு. "என்ன கருப்பி, இன்னைக்கு முட்டை எங்க?"ன்னு கேப்பா, அது கொக்குக் கொக்குன்னு பதில் சொல்லும். நான் பின்வாசல்ல காலு வச்சா பேச்சு நின்னுரும். கோழியும் கம்முன்னு ஆயிரும். அம்புட்டு மரியாதை.

இந்த வருசம் சாரல் ஆனியிலயே பிடிச்சுட்டு. விடாம நசநசன்னு தொயந்து பெய்யி. அருவியில தண்ணி விழுதுன்னு நீங்கள்லாம் பஸ்ஸு பஸ்ஸா வாரீங்க, வாங்க, வேண்டாங்கல. எங்க வீட்டு அடைப்புல கணுக்கால் முங்கச் சேறு. கோழிக நிக்க எடமில்லாம ஒத்தைக் காலத் தூக்கித் தூக்கி வைக்கி. வடிவு வந்து சொன்னா, "உங்க கொட்டகைத் தண்ணி பூரா இங்கதான் வந்து விழுது. ஓரமா ஒரு வாய்க்கா வெட்டி விடுங்க. மத்ததத் தரையே பாத்துக்கிடும்."

கொட்டகைன்னா என் பந்தல் சாமான் வச்சிருக்கிற தகரக் கொட்டகை. அடைப்பு அதுக்குக் கீழதான் இருக்கு. வாய்க்கா வெட்டணும்னா வண்டி வந்து நிக்கிற எடத்தக் குறுக்கால வெட்டணும். நடக்கிற காரியமா சொல்லுங்க? வண்டி எங்க நிக்கும்? கம்பை எங்க எறக்க? "ஏட்டி, தரையப் பத்தி எனக்குச் சொல்லுதியா நீ?"ன்னேன். அவ அதுக்கு மேல பேசல. பேச மாட்டா. தங்கமான குணம்.

முதல்ல உமி. அரிசி மில்லுல சொல்லி மூடை மூடையாக் கொண்டாந்து கொட்டுனேன். அன்னைக்குச் சாயங்காலம் பாக்கணுமே, பொன்னு மாதிரி கெடந்துது. வடிவக் கூப்பிட்டுக் காட்டுனேன். பாத்துட்டு உள்ள போயிட்டா. ஒரு பெருமழை வந்துது பாருங்க, உமி அம்புட்டும் மெதந்து வலையோரமாப் போயி ஒதுங்கிட்டு. அடியில மறுபடியும் சேறு. ஒதுங்குன உமி அழுகி ஒரு நாத்தம் நாறுச்சு. பூஞ்சை பிடிச்சு, கோழியெல்லாம் தும்ம ஆரம்பிச்சுட்டு. கோழி தும்மி நீங்க பாத்திருக்கீங்களா? மனுசன் மாதிரியே தும்மும். செவத்தா மூக்குல சளி ஒழுகிக்கிட்டே மூலையில நின்னுது. மறுநாளு செத்துட்டு.

பெறகு மரத்தூளு. அறுப்பு மில்லுல இருந்து. காஞ்சு கெடக்கையில நல்லாத்தான் இருந்துது. நனஞ்ச பெறகு உப்புமா மாதிரி ஆயி, வெரல் இடுக்குல ஏறி உருண்டை உருண்டையாப் பிடிச்சுக்கிட்டு. வடிவு ஒவ்வொரு கோழியாப் பிடிச்சு மடியில வச்சு, சுடுதண்ணி தொட்டு, ஊறவச்சு ஊறவச்சு எடுப்பா. எனக்கு ஒரு காப்பி வேணும்னாலும் அந்தச் சோலி முடியணும். அப்பவும் வாய்க்கா வாய்க்கான்னுதான் நின்னா. டீக்கடையில ஒருத்தன் சொன்னான், தேங்கா நார் மில்லுல கழிவுத் தூள் கெடக்கும், அது தண்ணிய அப்பிடியே குடிச்சிரும்னு. வாஸ்தவந்தான், குடிச்சுது. குடிச்சுட்டு வெளிய விட மாட்டேன்னுட்டு. மெத்தை மாதிரி ஆயி, காலு வச்சா பொதக்குன்னு தண்ணி பொங்கும். கோழிக்கெல்லாம் பாதத்துல புண்ணு. கொண்டைக்காரிக்கு வெரல் வீங்கி, நடக்க முடியாம, படுத்த படுக்கையாக் கெடந்து போயிட்டு.

அன்னைக்குத்தான் சொன்னா. கொண்டைக்காரியக் குழி தோண்டிப் பொதைச்சுட்டு வந்து, கையக் கழுவிக்கிட்டே சொன்னா. சத்தமில்ல, அழுகை இல்ல. "இன்னொரு கோழி உங்க வேலையில செத்துச்சுன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்." அம்புட்டுத்தான். சோத்துல உப்பு கம்மின்னு சொல்லுத மாதிரிதான் சொன்னா. ஆனா அண்ணாச்சி, அவ ஒண்ணு சொன்னா செய்வா. எங்க சின்னம்மா மக கல்யாணத்துக்கு வர மாட்டேன்னு சொன்னா, வரலியே.

நான் என்ன சும்மாவா இருந்தேன்? என் தொழிலுக்குப் போடுத பச்சை விரிப்பு, புதுசு, ஒரு கல்யாணத்துக்குத்தான் விரிச்சது, அதத் தூக்கிக் கொண்டாந்து அடைப்பு முழுக்க விரிச்சேன். எவன் செய்வான்? பொண்டாட்டி வளக்கிற கோழிக்குக் கல்யாண விரிப்பு! வடிவு பின்வாசல்ல நின்னு பாத்தா. "கோழி கிளறும்"னா. கிளறட்டுமே, பூ மாதிரி இருக்கும்னேன். அதுக கிளறி, நூலு நூலாப் பிரிஞ்சு, நகத்துல சுத்தி, கருப்பி காலு ரெண்டும் கட்டுன மாதிரி ஆயிட்டு. நல்ல வேளை, வடிவு கத்திரிக்கோலோட ஓடிப் போயி வெட்டி விட்டா. சாகல. அது செத்திருந்தா அன்னைக்கே போயிருப்பா. அதுக்குப் பெறகு நான் வீட்டுக்குள்ள வாரதுக்கு முன்ன கொல்லைக்குப் போயி கோழிய எண்ணிப் பாத்துட்டுத்தான் வருவேன். எல்லாம் நிக்குன்னா அப்பாடான்னு வந்து உக்காருவேன்.

பெறகுதான் எனக்குச் சரள் ஞாபகத்துக்கு வந்துது.

என்னது? இல்ல இல்ல, சாரல் இல்ல. சாரல்தான் வானத்துல இருந்து விழுதே! நான் சொல்லுதது சரள். சரள். இந்த பஸ்ஸு போடுத சத்தத்துல உங்களுக்குக் கேக்கல. செவப்பா, பொடிக்கல்லும் மண்ணுமாக் கலந்து, ரோட்டுக்கு அடியில கொட்டுவாங்கள்லா, அது. உங்க பக்கம் கிராவல்ங்கான். அதேதான். அத ஒரு லோடு கொட்டி, திமிசு போட்டு இறுக்கிட்டா தரை கல்லு மாதிரி ஆயிரும். சேறாவது கீறாவது! இத முதல்லயே ஏன் நெனைக்காமப் போனேன்னு எனக்கே வெக்கமாயிட்டு.

அணஞ்சபெருமாள்னு ஒரு பையன் டிராக்டர் வச்சிருக்கான். அவன்கிட்டச் சொன்னேன். லோடு வார அன்னைக்குக் காலையிலேயே பின்பக்க வலைய அவுத்து, ஆணியில சும்மா மாட்டி வச்சேன். டிராக்டர் வந்தா வலையத் தூக்கிட்டுப் பின்னால போயி நேரா கொட்டிரலாம். முன்னேற்பாடு. வடிவுகிட்டச் சொல்லல. சொன்னா வாய்க்காம்பா. நான் டீக்கடைக்கு வந்து உக்காந்துட்டேன். மத்தியானத்துக்கு முன்ன அணஞ்சான் போன் போட்டான். "அண்ணே, லோடு ஏத்திட்டேன், கெளம்புதேன். வீட்டுக்குச் சொல்லி கோழிய எல்லாம் அங்ஙன இருந்து அப்புறப்படுத்தச் சொல்லிருங்க." வேலையில பொறுப்பான பையன்.

நானும் உடனே வடிவுக்குப் போன் போட்டேன். உடனேன்னா உடனே. அப்பத்தான் வெத்தலை போட்டிருந்தேன், சுண்ணாம்பு எடுத்த வெரலத் தொடைக்கல, அதுக்குள்ள போட்டேன். "ஏட்டி, சரள் வருது, கோழியப் பிடிச்சு வையி." அம்புட்டுத்தான் சொன்னேன். அவ "சரி"ன்னா. வச்சுட்டா. நான் சொல்லாம இருந்திருந்தா என்னைக் குத்தம் சொல்லலாம். சொன்னேம்லா?

அவளுக்கு எப்பிடிக் கேட்டிருக்கு தெரியுமா? சாரல் வருதுன்னு கேட்டிருக்கு! சாரல் வருது, கோழியப் பிடிச்சு வையி. சரளு எங்க, சாரலு எங்க! மலைப் பக்கம் வேற கருத்துக் கெடந்துருக்கு. அவ என்ன செஞ்சா, பெரிய கோழிய எல்லாம் கூட்டுக்குள்ள விரட்டி அடைச்சுட்டா. கூடு அந்தப் பக்கம், உசரத்துல இருக்கு. புள்ளிக்காரி அப்பத்தான் குஞ்சு எறக்கியிருந்துது. தாயையும் குஞ்சையும் கூட்டுல விட்டா மத்ததுக கொத்தும். அதனால பஞ்சாரத்தப் போட்டுக் கவுத்தா. பஞ்சாரம் தெரியும்லா, கோழியக் கவுத்து வைக்கிற மூங்கில் கூடை. அதுக்கு மேல சாரல் படக்கூடாதுன்னு என்னோட நீலத் தார்ப்பாயி ஒண்ண எடுத்துப் போத்தி, ஓரத்துல கல்லு வச்சுட்டு, மாடிக்கு ஏறிட்டா. மாடியில துணி காயப் போட்டிருந்தா. சாரல் வந்தா நனஞ்சிரும்லா.

டிராக்டர் சத்தம் கேக்கலியான்னா, கேட்டிருக்கும். எங்க கொட்டகைக்கு வண்டி வாரதும் போறதும் வழக்கந்தானே. அவ கண்டுக்கிடல. அணஞ்சான் பாத்தான், ஓரத்துல ஒரு தார்ப்பாயி கெடக்கு. பந்தல்காரன் வீட்டுல தார்ப்பாயி கெடக்கதுல என்ன அதிசயம்? சரளுக்கு அடியில விரிக்கப் போட்டிருக்குன்னு நெனச்சுட்டான். வலையத் தூக்குனான், பின்னால எடுத்தான், டிராக்டர் பெட்டியத் தூக்கி அம்புட்டையும் கொட்டிட்டான்.

நான் தெருமுனைக்கு வரும்போதே அவ சத்தம். அவ சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. ஓடுனேன். சரளு மலை மாதிரிக் கெடக்கு. அவ அதுல முழங்கால் போட்டு ரெண்டு கையாலயும் பறிக்கா. நகமெல்லாம் ரத்தம். சேலையெல்லாம் செம்மண்ணு. அணஞ்சான் ஒரு ஓரமாப் பேயடிச்ச மாதிரி நிக்கான். நான் மம்பட்டிய எடுத்துட்டு வந்தேன். "வேண்டாம், வெட்டிரும், வெட்டிரும்"னு கத்துதா. சரி, அவ தோண்டட்டும்னு நான் அணஞ்சான்கிட்டப் போயி, "ஏல, இங்ஙன ஒரே எடத்துல குமிச்சுட்டிய, அந்தப் பக்கம் பூரா பள்ளமால்லா கெடக்கு, கொஞ்சம் இழுத்து விடு"ன்னேன். வேலை பாதியில நிக்கக் கூடாதுல்லா? அவன் என்னைப் பாத்துட்டு, வடிவு பக்கத்துல போயி அவனும் கையால பறிக்க ஆரம்பிச்சுட்டான்.

பஞ்சாரம் அப்பளமா நொறுங்கிப் போயிருந்துது. புள்ளிக்காரி செத்துட்டு. குஞ்சும் போயிட்டு, ஒண்ணே ஒண்ணு மட்டும் மூங்கில் பத்தை ரெண்டுக்கு எடையில நசுங்காமக் கெடந்துது. கண்ணத் தொறக்கல, ஆனா வாயத் தொறந்து தொறந்து மூடுது. வடிவு அத எடுத்து, வாயில ஒட்டியிருந்த மண்ண அவ நாக்கால தொட்டு எடுத்தா. முந்தானையில சுத்திக்கிட்டா.

உள்ளதச் சொல்லுதேன், எனக்கு அழுகை வந்துது. அவள அப்பிடிப் பாக்கச் சகிக்கல. ஏதாவது ஆறுதலாச் சொல்லணுமேன்னு தவிச்சேன். சாரல் அப்பத்தான் லேசா விழ ஆரம்பிச்சுது. தரையப் பாத்தேன். தண்ணி நிக்கல. "விடு வடிவு, அழாத. இங்க பாரு, தண்ணி நிக்கல பாரு. தரை நல்லா அமஞ்சுட்டு"ன்னேன்.

நீங்க சொல்லுங்க, இதுல என்ன தப்பு? ஆறுதலுக்குத்தானே சொன்னேன்?

அவ என்னையப் பாத்தா. உள்ள போயி மூஞ்சியக் கழுவல, சேலைய மாத்தல. அந்தச் செம்மண்ணுச் சேலையோட, முந்தானையில குஞ்சோட, தெருவுல எறங்கி நடந்து போயி பஸ் ஏறிட்டா. மறுநாளு அவ தம்பி திருமலைக்குமாரு ஒரு ஆட்டோவக் கூட்டிட்டு வந்து மத்த கோழிகளையும் கூடையில பிடிச்சுப் போட்டான். "மச்சான், அக்கா கோழி மட்டும் போதும்னா"ன்னான். துணிமணி வேண்டாமான்னு கேட்டேன். கோழி மட்டும் போதும்னாளாம்.

சரள்னுதான் சொன்னேன் அண்ணாச்சி. எத்தனை பேருகிட்ட வேணும்னாலும் சத்தியம் பண்ணுதேன். நல்லாத் தெளிவாத்தான் சொன்னேன். இப்ப உங்ககிட்ட எப்பிடிப் பேசிக்கிட்டு வாரேனோ, அதே மாதிரிதான் பேசுனேன். காதக் குடுத்துக் கேக்கதில்லையா ஒரு பொம்பள? திருமலைக்குமாரு சொல்லுதான், "வெத்தலையத் துப்பிட்டுப் பேசியிருந்தா இந்த வெனை இல்ல"ன்னு. இந்த வாயோடதான இம்புட்டுக் காலமும் பேசிக்கிட்டு இருக்கேன்? அவளுக்குப் புரியாமலா குடும்பம் நடத்துனா?

என்னது? ஆமா, சரளுதான். மறுபடியும் சாரலா கேக்குது உங்களுக்கு? இந்தக் கவர்மெண்டு பஸ்ஸுல வந்தா இப்பிடித்தான்.

இப்ப வீட்டுல ஒரு சத்தம் இல்ல. வீட்டுக்குள்ள நுழஞ்சா என் செருப்புச் சத்தம் எனக்கே பயமா இருக்கு. சோறு பொங்குதேன், எறங்கல. கொல்லைக்குப் போனா கோழி இல்ல. கோழி இல்லாத அடைப்ப இன்னமும் தெனமும் பாத்துக்கிட்டு இருக்கேன். சரளுலயும் தண்ணி நிக்க ஆரம்பிச்சுட்டு அண்ணாச்சி! ஒரு வாரம் தாங்கல. மேல செங்கல் ஜல்லி போட்டுப் பாத்தேன். அதுக்கு மேல ஆத்து மணலு. கொட்டகையில இருந்து தண்ணி சடசடன்னு வந்து விழுந்து மணலு பூரா அரிச்சுக்கிட்டு ஓடுது. கடலைத் தொலி போடலாங்கான் ஒருத்தன். வைக்கோல வெட்டிப் போடுங்கான் ஒருத்தன். சிமிண்டு போட்டுருங்கான் கொத்தன். எனக்கு மண்டை வெடிச்சிரும் போல இருக்கு. அவ வந்து நின்னு பாக்கும்போது அந்தத் தரை காஞ்சிருக்கணும். காஞ்சிருந்தா அவ என்ன சொல்லிருவா? ஒண்ணும் சொல்ல முடியாதுல்லா? அவ இல்லாம முடியல அண்ணாச்சி. இந்த வயசுல இத ஒருத்தர்கிட்டச் சொல்லக் கூச்சமா இருக்கு, ஆனா முடியல.

அதான் ஒரு யோசனை. மச்சினன் வீட்டு முத்தத்துலதான் கோழி நிக்கி. அங்கயும் இதே சாரல்தானே பெய்யி? அங்க தரையில என்ன போட்டிருக்கான்னு பாத்துட்டா அதையே நம்ம வீட்டுலயும் போட்டிரலாம். போயி எறங்கி, பாத்துட்டு, வடிவுகிட்ட "வாட்டி, போவோம்"னு ஒரு வார்த்தை. அதுக்குத்தான் வாரேன். நேத்தும் வந்தேன். முந்தாநாளும் வந்தேன். விலக்குல பஸ்ஸு நிக்கும், நாலு பேரு எறங்குவான், எனக்குக் காலு எந்திரிக்காது. என் கண்ணு அந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்கு. மலைக் கோயில் வரைக்கும் டிக்கெட் எடுத்துட்டு அப்பிடியே திரும்பிருவேன்.

இந்தா, பாலம் தாண்டிட்டு. அடுத்தது விலக்குதான்.

அண்ணாச்சி, நான் ஒரு நிமிசம் குனிஞ்சுக்கிடுதேன். செருப்பு வாரு மாட்டுத மாதிரி. நீங்க அந்தப் பக்கம் பாருங்க. ஒரு வேப்பமரம் தெரியுதா? அதுக்கு அடுத்த வீடு, பச்சைக் கதவு. முத்தம் ரோட்டுல இருந்தே தெரியும். பாத்துட்டீங்களா? கோழி நிக்கா? நிக்கும். கருப்பி இருக்கா, முழுக் கருப்பு? இருக்கா! சரி. ஒரு குஞ்சு, ஒத்தைக் குஞ்சு நிக்கா பாருங்க. ஓடுதா? நல்லா ஓடுதா? ஐயோ முருகா, பொழச்சுட்டு.

இப்ப கீழ பாருங்க அண்ணாச்சி, தரையில. என்ன விரிச்சிருக்கு? உமியா, மணலா? நல்லாப் பாருங்க. ஒண்ணுமே இல்லியா? வெறுந்தரையா? சும்மா மண்ணா? சேறு? இல்லியா? அது எப்பிடி இல்லாம இருக்கும்? ஓரமா என்னது, வாய்க்காலா? அது கெடக்கட்டும், எங்கயும் வீட்டோரத்துல வாய்க்கா இருக்கத்தானே செய்யும். மேல என்ன போட்டிருக்கான்னுதான் கேக்கேன். ஒண்ணும் இல்லியா.

யாராவது நிக்காங்களா? பொம்பளையா? ஒல்லியா, மாநிறமா, கொஞ்சம் வளத்தியா? அவதான். அவதான் அண்ணாச்சி. கையில என்ன வச்சிருக்கா? மொறமா? இரை போடுதா போல. இங்க பாக்காளா? பாக்கலியா. மெலிஞ்சு போயிருப்பாளே. மூஞ்சி எப்பிடி இருக்கு? வெசனமா இருக்காளா? உங்களத்தான் கேக்கேன், பஸ்ஸு எடுக்கதுக்குள்ள சொல்லுங்க. என்ன?

சிரிக்காளா?

நல்லாத் தெரியுதா? குஞ்சு காலச் சுத்துதுன்னு சிரிக்காளா? சத்தம் போட்டா? பல்லுத் தெரியவா?

அப்ப அது அவ இல்ல அண்ணாச்சி. வேற யாரோ. அந்த வீட்டுல அவ தம்பி பொண்டாட்டியும் இருக்கா, அவளா இருக்கும். என் வீட்டுக்காரி சிரிக்கிற ஆளே இல்ல. கல்யாணமான நாள்ல இருந்து கூடவே இருக்கேன், ஒரு நாளு பாத்ததில்லியே நான். நீங்க ஆள மாத்திப் பாத்துட்டீங்க.